எங்கள் வீட்டில்தான் வட்டம்

செப்டம்பர் 7, ஞாயிறு

மூன்றாவது கிழமையாக எங்கள் முன்னறையில் படிப்பு வட்டம். பஹாய் சமய நூலை ஆளுக்கொரு பந்தியாக வாசித்துப் பேசுவோம். வாத்தியார் என்று ஒருவரும் இல்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் நகுலேஸ்வரி அக்கா, "மலர், நீங்கள் ஊரிலை எவடம்?" என்றார். சொன்னேன். "அதிலை எந்தப் பக்கம்? கோயிலடியோ?" இல்லை, குளத்துக்கு அந்தப் பக்கம் என்றேன். பிறகு அக்கா தேத்தண்ணியைத் தொடவில்லை. சீனி வருத்தமாம். போன இரண்டு கிழமையும் இரண்டு கோப்பை குடித்தவர்.

செப்டம்பர் 14

அக்கா கைப்பையில் தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். இன்றைய பாடம், மனிதகுலம் ஒன்று என்பது. அவர் முறை வந்தபோது அழகாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செப்டம்பர் 15

சீனி வருத்தமாம். மண்ணாங்கட்டி.

செப்டம்பர் 18

அக்கா போன் எடுத்தார். "இனி லைப்ரரியிலை வைப்பமே? பார்க்கிங் வசதி." அவர் நடந்து வருகிறவர்!

"விடும், எங்கை வைச்சாலும் படிப்புத்தானே" என்கிறார் என் கணவர் பாஸ்கரன். எப்பிடி விடுறது? இந்த நாட்டுக்கு வந்து இருபது வருசம் எயார்போட்டிலை ஷிப்ட் செய்து வாங்கின வீடு. சாதி பாத்து வட்டத்தை இஞ்சையிருந்து தூக்க விடமாட்டன். ஒருத்தரும் வராட்டில் தனிய இருந்து வாசிப்பன்.

செப்டம்பர் 21

வாசித்து முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் கேட்டேன்: "அக்கா, பார்க்கிங்கோ, சாதியோ?"

"நான் அப்பிடி நினைக்கேல்லை" என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டே, "நினைச்சனான்தான்" என்று எழுந்து போய்விட்டார்.

முகத்துக்கு நேரே கேட்டது பிழை என்கிறார் வட்டத்துக்கு வரும் சந்திரகுமார் அண்ணை. ஒற்றுமை முக்கியமாம். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் ஒற்றுமையோ? கேட்டதற்கு எனக்கு வருத்தமில்லை.

செப்டம்பர் 28

ஐந்து பேர். அக்கா இல்லை. இங்கேதான் வைத்தோம்.

அக்டோபர் 2

அக்காவின் போன். "இந்த ஞாயிறு மட்டும் எங்கட வீட்டிலை வைப்பம். நீங்கள் ஆரெண்டு என்ரை மனுசனுக்குச் சொல்லிப்போட்டன். நீங்கள் வந்தால் அவர் கீழை இறங்கமாட்டாராம்."

"அப்ப?"

"இறங்காமல் இருக்கட்டும். நீங்கள் வாங்கோ."

அக்டோபர் 5

போனேன். அவருடைய கணவர் மாடியில் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தார். முதல் பந்தியை என்னை வாசிக்கச் சொன்னார் அக்கா. "கொஞ்சம் பிலத்து வாசியுங்கோ, மலர்" என்றார். மேலே கேட்கும்படியாகவே வாசித்தேன்.