நீங்கள் எழுந்து வெளியேறிய வழக்கு

அன்பான அண்ணைக்கு,

எங்கள் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் மறுபடியும் தேர்தல், நீங்கள் கண்மூடிய பிறகு வரும் முதல் தேர்தல். மின்கம்பங்களில் வேட்பாளர்களின் முகங்கள் மழையில் நனைகின்றன. அவற்றில் ஒன்று உங்கள் மகளுடையது. உங்கள் நெற்றி, உங்கள் பிடிவாதமான வாய்.

நேற்று வாக்குக் கேட்டு வீட்டுக்கு வந்தாள். டெனிஷில் தொடங்கி, எனக்காகத் தமிழுக்கு மாறினாள். "சித்தப்பா, கடைசி முறை அப்பாவுக்கு எங்கட ஆக்களே ஏன் வோட்டுப் போடேல்லை?"

"அது பழைய கதை, பிள்ளை. பிஸ்கட் எடுங்கோ" என்றேன். காலமெல்லாம் பிள்ளைகளிடம் பதில் கேட்டு வாழ்ந்தவன் நான்.

தமிழ்ப் பாடசாலையில் நான் சொல்லும் உதாரணம் நினைவிருக்கிறதா? அமெரிக்கா புது நாடாக இருந்த காலத்து மனிதர். வயல் உழுத கமக்காரனின் மகன், சட்டமன்றத்துக்குப் போனார், பிறகு நீதிபதியானார். நண்பனின் வழக்கு வந்தபோது, "இதை நான் விசாரிக்கக் கூடாது" என்று ஆசனத்தை விட்டு இறங்கினார். அடுத்த தேர்தலில் ஊர் அவரைத் தோற்கடித்தது. "எவ்வளவு மடத்தனமான ஊர்!" என்று முடிப்பேன்.

எங்கள் நகரசபைக்குப் போன முதல் தமிழர் நீங்கள்; கூடப் பிறக்காவிட்டாலும் எனக்கு அண்ணை. நீதிபதியோடு இருந்து தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களில் ஒருவராகவும் உங்களைத் தெரிந்தெடுத்தார்கள். "எங்கட அமெரிக்க நீதவான்" என்று நான் கேலி செய்தால், "முதல்ல டெனிஷை ஒழுங்காக் கதைச்சுப் பழகுவம், வாத்தியார். அமெரிக்காவுக்குப் பிறகு போவம்" என்பீர்கள்.

பிறகுதான் என் அக்கா மகன் தொழிற்சாலையில் ஒருவரை அடித்த வழக்கு. நீதிபதியின் பக்கத்தில் உங்களைக் கண்டதும் அவன் காதில் சொன்னேன்: "பயப்படாதை, எங்கட அண்ணை இருக்கிறார்." நீங்கள் நீதிபதியிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுந்தீர்கள். என்னைப் பாராமல் வெளியே போனீர்கள். வழக்கு வேறு நாளுக்குப் போனது. தீர்ப்பு அவனுக்கு எதிராக வந்தது.

அவன் அடித்தது உண்மை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் கோயிலில், கடையில், பாடசாலை வாசலில், "தன்ர சனத்தைக் கைவிட்ட மனுசன்" என்று சொல்லித் திரிந்தது நான்தான். வாத்தியார் பொய் சொல்லமாட்டார் என்று சனம் நம்பியது. அடுத்த தேர்தலில் கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் தோற்றீர்கள்.

தோற்ற கிழமையே என் வீட்டுக்கு வந்து, "பெடியன் எப்பிடி இருக்கிறான்?" என்று மட்டும் கேட்டீர்கள். ஒரு சொல் ஏசியிருக்கலாமே, அண்ணை? நான் சொல்லித் திரிந்தது உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் வந்தீர்களா?

நாளை காலை உங்கள் மகளிடம் போகிறேன். முழுவதையும் சொல்வேன். சனிக்கிழமை பெற்றோர் எல்லோரும் நிற்கும் நேரம் பார்த்து, அந்தப் பாடசாலை வாசலிலும் சொல்வேன். அதன்பின் அவள் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடாமல் விட்டாலும் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் நல்ல பெயரைக் கெடுத்த,
நீங்கள் கடைசிவரை விலக்காத தம்பி