வாங்கவில்லை, பொறுக்கினேன்

ஸ்ரீரங்கம்
9.2.2025

அன்பு மகள் பானுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் பேனா ஓடவில்லை. குழந்தை தங்கவில்லை என்று ஹாலிஃபாக்ஸிலிருந்து மாப்பிள்ளை சொல்லி இன்றோடு பதினாறு நாள். போனில் நீ அழ, நான் அழ, பேச்சே நடக்கவில்லை, அதனால்தான் கடிதம். பால் கட்டிக்கொண்டு வலிக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அப்பன் இதை எழுதுவதா என்று கூச்சப்பட்டேன், அப்புறம் இனி என்ன கூச்சம் வேண்டிக்கிடக்கிறது என்று எழுதிவிட்டேன். டாக்டரைக் கேள்.

ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். உனக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போதே, "பொறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணும் வாங்கக் கூடாதுங்க" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் இரும்பைப் பிடித்த கை சும்மா இருக்குமா? கொள்ளிடக் கரையில் காற்றில் முறிந்து கிடந்த பூவரசங்கிளையைத் தூக்கிவந்து பேரப்பிள்ளைக்கு யானை செதுக்க உட்கார்ந்தேன். வாங்கவில்லையே, பொறுக்கினதுதானே என்று சட்டம் பேசினேன். அம்மாவும் சிரித்துவிட்டாள். முதல் யானையைப் பச்சை மரத்திலேயே செதுக்கி வெயிலில் வைத்தேன், நாலாம் நாள் நெடுக வெடித்தது. பிறகுதான் கட்டையின் இரண்டு முனையிலும் மெழுகைப் பூசி, நிழலில் காயவிட்டு, நார் ஓடும் பக்கமாகவே கத்தியை ஓட்டப் பழகினேன். இரண்டாவது நன்றாக வந்தது. தும்பிக்கையை மட்டும் மூன்று நாள் தேய்த்தேன், குழந்தை வாயில் வைக்குமே, சிலாம்பு ஏறிவிடக் கூடாதே என்று.

செய்தி வந்த அன்று அம்மா அதைப் பரண்மேல் போட்டுவிட்டு, "அப்பவே சொன்னேன்ல" என்றாள். அவ்வளவுதான், நேற்றுவரை என்னோடு சரியாகப் பேச்சில்லை. காரணம் தெரியவில்லை என்று உங்கள் டாக்டர் சொன்னாராம். சகுனம் கிகுனம் எல்லாம் நான் பார்க்கிறவன் இல்லை, உனக்கே தெரியும். ஆனாலும் விடிந்தால் அதே நினைப்பு, என் கைதான் அவசரப்பட்டுவிட்டதோ என்று. உனக்கும் அப்படி மனசில் பட்டால் திட்டி எழுது பாப்பா, தாங்கிக்கொள்வேன். ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே.

நேற்றுச் சாயங்காலம் அம்மாவே ஸ்டூல் போட்டு ஏறி யானையை எடுத்து முந்தானையால் துடைத்தாள். "பேரு ஏதாவது நெனச்சு வெச்சிருந்தாளாங்க? கேளுங்களேன்" என்றாள்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. மாப்பிள்ளையும் உடைந்துதான் போயிருப்பார், அவரையும் பார்த்துக்கொள். அரங்கன் உங்கள் இருவர் பக்கத்திலும் இருக்கட்டும். பேரை மறக்காமல் எழுது, யானையின் வயிற்றில் செதுக்கித் தர வேண்டுமாம். பேர் வைக்கவில்லை என்றால், வயிற்றைத் தொட்டு நீங்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டீர்களோ, அதையாவது எழுது.

உன் அப்பா,
மாத்ருபூதம்