ஏழாம் நம்பர் காட்டில் பார்த்தவை

1928 பிப்ரவரி 7, செவ்வாய்

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் மணியம் என் வயிற்றை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “பரஞ்சோதி, உனக்கு நோயும் இல்ல நொடியும் இல்ல. நாள் பூரா ஆபீசுல நாற்காலியத் தேய்க்கிற. ராத்திரி மூணு தடவ சோறு போட்டுத் திங்கிற. அது எப்படிச் செரிக்கும்? மருந்து கிடையாது போ. சாயந்தரம் ஒரு மணி நேரம் நட.”

நடக்கிறதா? எங்கே நடப்பது? இந்த மலாய் நாட்டுத் தோட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது? ரப்பர் மரம். அதைத் தாண்டினால் இன்னொரு ரப்பர் மரம். தரையிலாவது ஏதாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. தரை மொட்டையாக இருக்க வேண்டும் என்பது துரைமார் சட்டம். புல்வெட்டுக் கங்காணி ராமையாவின் கீழ் வேலை செய்கிற பெண்கள் ஒரு பச்சையைத் தலை தூக்க விடுவதில்லை.

மருதம்மாளிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது ஐந்து மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். “நல்லாத்தான் சொல்லியிருக்காரு. நம்ம ரெண்டு பேருல யாருக்கு மாசம்னு வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க.”

பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது.

பிப்ரவரி 9, வியாழன்

நடந்தேன். கால் வலி. பார்த்தது: ரப்பர் மரம்.

பிப்ரவரி 19, ஞாயிறு

இன்று ஒரு அதிசயம். எழுதாமல் இருக்க முடியவில்லை.

மரங்கள் இலையைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. காடு முழுக்க வெளிச்சம். தோட்டத்தின் ஏழாவது பிரிவான ஏழாம் நம்பர் காட்டின் ஓரத்தில் ஒரு ஓடை. அதன் கரைச் சரிவில் மட்டும் மண்வெட்டி எட்டாது, அதனால் கொஞ்சம் செடி கொடி தப்பிக் கிடக்கிறது. மூச்சு வாங்கிற்று, உட்கார்ந்தேன். கையருகே கிடந்த கொட்டைப்பாக்கு நடக்க ஆரம்பித்தது! அலறிவிட்டேன். உடனே அது மறுபடி பாக்காகிவிட்டது. குனிந்து பார்த்தால் ஒரு தடித்த மரவட்டை. பயந்தால் சுருண்டு உருண்டையாகிவிடுகிறது. பயந்தது நானா அதுவா என்று கேட்டால் நான்தான்.

பக்கத்தில் தொட்டாச்சிணுங்கி ஒரு பாய் அளவுக்குப் படர்ந்திருந்தது. குடை நுனியால் ஒவ்வொன்றாகத் தட்டி எல்லாவற்றையும் மூட வைத்தேன். திறக்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். பதினோரு நிமிஷம். ஆபீசில் கணக்கெழுதுகிற முப்பத்து நாலு வயதுக் கிராணி செய்கிற வேலை.

தலை தூக்கினால் ராமையா நிற்கிறார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலைத்துண்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “ஐயா ஏதாச்சும் தொலச்சிட்டீங்களா?” என்றார்.

பேனா என்று வாய் தவறிப் பொய் சொல்லிவிட்டேன். மனுஷன் அரை மணி நேரம் என்னோடு சேர்ந்து தேடினார். பேனா என் சட்டைப் பையில் மினுக்கிக்கொண்டிருந்தது, அதை அவர் பார்த்தும்விட்டார். “நாளைக்கு வெளிச்சத்துல தேடுவோங்கய்யா” என்று போய்விட்டார். வெட்கமாகப் போயிற்று.

மார்ச் 4, ஞாயிறு

இந்த வாரம் பார்த்தவை. பேர் தெரியாததற்கெல்லாம் நானே பேர் வைத்துவிட்டேன்.

மூக்கு நீண்ட பூச்சி ஒன்று, மரத்தில் நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்தது. உடம்பைவிட மூக்குப் பெரிது. பச்சை நிறத்தில் ஒரு கும்பிடுபூச்சி, கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னையே சோதித்தது. அதற்கு டிரெஸர் மணியம் என்று பேர். ஓடைத் தண்ணீர் மேல் சிவப்புத் தட்டான், ஒரே கிளையில் திரும்பத் திரும்ப வந்து உட்கார்கிறது. ஊதாப் பூப் பூக்கிற ஒரு புதர். மலாய்க்காரர்கள் செண்டுடோக் என்கிறார்கள். புல்வெட்டுக்காரி செல்லாயி அந்த வழியே வந்தவள், “பழத்தத் தின்னு பாருங்க கிராணியய்யா, தேனா இருக்கும்” என்றாள். தின்றேன். தேன் இல்லை, ஆனால் மோசமும் இல்லை.

வீட்டுக்கு வந்து வாயைத் திறந்ததும் மருதம்மாள் கத்திவிட்டாள். நாக்கு மை மாதிரிக் கறுத்திருந்ததாம். செல்லாயி வேண்டுமென்றேதான் செய்திருக்கிறாள்!

மார்ச் 15, வியாழன்

முசுறு எறும்பு. சட்டைக்குள். இதற்கு மேல் எழுதுகிற நிலையில் இல்லை.

ஏப்ரல் 2, திங்கள்

துரை புதிதாக ஒன்று செய்கிறார். ஏழாம் நம்பர் சரிவில் மழை மண்ணை அரித்துக்கொண்டு போகிறது என்று, பினாங்கிலிருந்து ஒரு கொடி விதை வரவழைத்திருக்கிறார். அது படர்ந்து தரையை மூடிக் காக்குமாம். அதற்குக் கவர் என்று பேர். இன்று சீனக் குத்தகைக்காரர்கள் வந்து தூவிவிட்டுப் போனார்கள். ராமையாவின் ஆட்கள் வேறு காட்டில் இருந்ததால் இது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. இருபது வருஷமாகச் சுரண்டிய தரையில் துரையே பச்சையை வளர்க்கிறார் என்றால் நம்புவார்களா?

ஏப்ரல் 19, வியாழன்

ஆபீஸ், மதியம்: கவர் முளைத்துவிட்டது. ஏழாம் நம்பரில் இனி மண்வெட்டி வைக்கக் கூடாது, இன்றே கங்காணியிடம் சொல் என்று துரை உத்தரவு. சாயந்தரம் நடக்கப் போகும்போது ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போய் ராமையாவிடம் சொல்லிவிட வேண்டும்.

வீடு, சாயந்தரம்: பறந்தது! ஓணான் பறந்தது! மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டியிருந்த ஓணான். தொண்டையிலிருந்து மஞ்சளாக ஒரு சின்னக் கொடித்துணியை நீட்டி மடக்கி நீட்டி மடக்கி யாருக்கோ சைகை காட்டியது. பிறகு விலாவிலிருந்து இரண்டு விசிறியை விரித்துக்கொண்டு, முழுசாய் முப்பது அடி, காற்றில் வழுக்கி அடுத்த மரத்துக்குப் போயிற்று. நான் அதன் பின்னாலேயே ஓடினேன். அது ஒரு மரம் தாண்ட, நான் ஒரு மரம் தாண்ட, எங்கே போகிறேன் என்றே தெரியவில்லை. செருப்பு ஒன்று சேற்றில் போயிற்று. போனால் போகட்டும்!

மருதம்மாள் நம்பவில்லை. “ஓணானுக்கு ரெக்கையா? வெயிலு மண்டையில ஏறிப் போச்சு உங்களுக்கு” என்கிறாள்.

ஏப்ரல் 23, திங்கள்

ஐயோ. சொல்லவில்லை. நான் சொல்லவே இல்லை.

காலையில் ஏழாம் நம்பரில் புல்வெட்டு. முளைத்திருந்தது அத்தனையும் போயிற்று. பத்தரை மணிக்குத்தான் எனக்கு நினைவு வந்தது, ஓடினேன். அதற்குள் தரை வழித்த சட்டி மாதிரி இருந்தது. செல்லாயி மட்டும், “இது ரயில் ரோட்டு மேட்ல கெடக்குற கொடி மாதிரி இருக்கே, விட்டுறவான்னு கங்காணியக் கேட்டேன்” என்றாள். துரைக்குத் தரை சுத்தமாக இருக்க வேண்டும், வெட்டு என்றிருக்கிறார் ராமையா. அவர் வேறு என்ன சொல்வார்?

அந்தப் பாழாப் போன ஓணான்! இல்ல, ஓணான் என்ன பண்ணும். நான்தான். நான்தான் சொல்லல.

ஏப்ரல் 24, செவ்வாய்

காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே துரை வந்துவிட்டார். முகம் சிவந்து கிடந்தது. ராமையாவைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினார். “கிராணி உன்கிட்டே சொல்லலே?”

ராமையா என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரே தடவை.

“சொன்னாருங்க தொரை. நாந்தான் மறந்துட்டேன்.”

கங்காணி வேலை அவ்வளவுதான். துரை அந்த இடத்திலேயே அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்துப் பெண்களோடு வரிசையில் நிறுத்திவிட்டார். நான் பக்கத்தில் ஆள் பெயர்ப் புத்தகமான செக்ரோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் இருந்தது, நாக்கு இருந்தது. ஒன்றும் பேசவில்லை. கங்காணி என்ற இடத்தில் கோடு போட்டு, ராமையாவின் பெயரைப் புல்வெட்டு ஆட்களின் கடைசியில் எழுதினேன். என் கையாலேயே எழுதினேன்.

ஏப்ரல் 25, புதன்

நடக்கப் போகவில்லை. சோறும் இறங்கவில்லை. மணியம் பார்த்தால் சந்தோஷப்படுவான்.

ஏப்ரல் 26, வியாழன்

ஆள் எண்ணுகிற சாக்கில் காட்டுக்குப் போனேன். ராமையா வரிசைக் கடைசியில் வெட்டிக்கொண்டிருந்தார். தனியாக அழைத்துக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. “உங்களுக்கு வேலை போனா அன்னிக்கே குவாட்டர்ஸ காலி பண்ணச் சொல்வாங்கய்யா. வீட்ல அம்மாவுக்கு ஏழு மாசம். வாயும் வயிறுமா எங்க கூட்டிக்கிட்டுப் போவீங்க? எனக்கு மண்வெட்டி என்ன புதுசா? கப்பல்ல வந்து எறங்கின மறுநாளே பிடிச்சதுதான்.”

அப்புறம் சிரித்துக்கொண்டே, “பேனா கெடச்சுதுங்களா?” என்றார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். மருதம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய் டிரங்குப் பெட்டியை இழுத்துத் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

“நாளைக்குப் போயி தொரைகிட்ட உள்ளதச் சொல்லுங்க. வெரட்டினா வெரட்டட்டும். பெட்டி ரெடியா இருக்கும்.”

பயமாகத்தான் இருக்கிறது. ரொம்பவே பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 27, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

துரை பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “நீ என்ன பண்ணினே அப்போ?”

“ஓணான் பார்த்தேன், சார்.”

“ஓணான்?”

“பறந்தது, சார்.”

அறையில் மின்விசிறிகூட இல்லை. நான் வேர்த்து ஊற்றியது நல்ல சத்தமாகவே கேட்டிருக்கும். துரை சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய்ச் சுருட்டைப் பற்ற வைத்தார். ஜன்னலைப் பார்த்தபடியே தீர்ப்புச் சொன்னார். கங்காணி வேலை ராமையாவுக்குத் திரும்ப. நான் ஜூலை முடிகிற வரைக்கும் ஆபீஸுக்குள் கால் வைக்கக் கூடாது. ஏழாம் நம்பரில் நானே நின்று மறுபடி விதைக்க வேண்டும், அதுவும் ராமையா சொல்கிறபடி. பினாங்கில் விதை தீர்ந்துவிட்டது, அடுத்த கப்பலுக்கு இரண்டு மாதம். அதற்குள் மழை முடிந்துவிடும். விதைக்கு நானே வழி பார்க்க வேண்டும். முளைக்காவிட்டால் நேரே ரயில் ஏற வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மருதம்மாள் பெட்டியிலிருந்து துணியை எடுத்து மறுபடி துணிக்கொடியில் போட்டாள். போடும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

ஏப்ரல் 29, ஞாயிறு

ரயில் ரோட்டு மேட்டுக்குப் போனோம். செல்லாயி சொன்ன இடம்தான். சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு மைல் தூரம் அந்தக் கொடி சும்மாவே மண்டிக் கிடக்கிறது. பழுப்பு ரோமம் போர்த்திய குட்டிக் காய்கள், தொட்டால் வெடிக்கிற பதம். ராமையா, செல்லாயி, இன்னும் எட்டுப் பெண்கள். லீவு நாளில் யாரும் கூப்பிடாமலே சாக்கோடு வந்து நிற்கிறார்கள். எதற்கு வந்தீர்கள் என்றால், “கிராணியய்யா வேலை செய்யுறதப் பாக்கத்தான்” என்கிறாள் செல்லாயி.

நான் இரண்டு மாதமாகப் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. இவர்கள் பத்தடிக்கு ஒன்று காட்டுகிறார்கள். குச்சி என்று நான் ஒடிக்கப் போனது குச்சி இல்லை, ஆறு காலோடு நகர்கிறது. பறவை எச்சம் என்று ஒதுங்கினால் அது புழு. இலையைத் தைத்துக் கூடு கட்டிய சின்னக் குருவி ஒன்று, தையல்காரன் தோற்றான். “குனிஞ்சு வேலை செய்யுறவ கண்ணுக்கு எல்லாந்தான் தெரியும்” என்று செல்லாயி சொன்னாள். அவள் பெருமைக்காகச் சொல்லவில்லை.

மாலைக்குள் மூன்று சாக்கு. முதுகு நிமிரவில்லை. சந்தோஷமாக இருந்தேன், ஏன் மறைக்க வேண்டும்?

மே 14, திங்கள்

நல்ல மழை. முளைத்திருக்கிறது! ஒரு சதுர அடியில் பதினேழு எண்ணினேன். ராமையா வந்து, எண்ணினது போதும், சரிவைப் பாருங்கள் என்று விரட்டினார்.

ஜூன் 20, புதன்

பெண் குழந்தை. இருவரும் சுகம். மணியம் என்னைப் பார்த்துவிட்டு, “வயிறு ரெண்டு பேருக்கும் எறங்கிருச்சு” என்கிறான். உதை வாங்கப் போகிறான்.

ஜூலை 29, ஞாயிறு

நாளை மறுநாளோடு தண்டனை முடிகிறது. புதன்கிழமை மறுபடி நாற்காலி. துரை நேற்று ஏழாம் நம்பரைச் சுற்றி வந்து தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அவரிடம் அதுவே பெரிது.

காலையில் நானும் ராமையாவும் சும்மா ஒரு நடை போனோம். கொடி முழங்கால் உயரத்துக்கு மூடிவிட்டது. ஊதாப் பூ, அதில் தேனீ. ஒரு காடை குஞ்சுகளோடு குறுக்கே ஓடிற்று. அரணை, வெட்டுக்கிளி, நான் பேர் வைத்து மாளவில்லை. ராமையாவுக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. “என்ன இருந்தாலும் பாக்க அசிங்கமா இருக்குதுங்கய்யா. எம்புட்டுச் சுத்தமா வச்சிருந்த தரை” என்று புலம்பிக்கொண்டே, ஊடே முளைத்த லாலான் களைப்புல்லை மட்டும் பிடுங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். இப்போது அவருடைய புல்வெட்டுப் பெண்களுக்கு அதுதான் வேலை.

ஓடைக்கரையில் நின்று நெற்றி வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். ராமையா என் மணிக்கட்டைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தொட்டதில்லை.

“தம்பி, ஆடாத. அப்படியே நில்லு. உன் தோள்ல ஒண்ணு வந்து உக்காந்திருக்கு.”

மூச்சை அடக்கி நின்றேன். திரும்பிப் பார்க்க முடியாது. வண்ணத்துப்பூச்சியா, எவ்வளவு பெரிது, என்ன நிறம் என்று உதட்டை அசைக்காமல் கேட்டேன். அவர் கண் என் தோளை விட்டு நகரவில்லை. கிழவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

“பேசாதப்பா” என்றார்.

அது பறந்து போன பிறகும் அவர் கையை எடுக்க மறந்திருந்தார். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இன்று பார்த்தது: நான் பார்க்கவில்லை. ராமையாண்ணன் பார்த்தார்.