மரவந்தேயில் நிற்காத வண்டி

சம்பந்தியம்மா,

பீரோ மேலிருந்து போர்வையை இழுத்தபோது அந்தத் தொப்பி என் முகத்தில் வந்து விழுந்தது. கிளிப்பச்சை நிறம், முன்னால் டூர்க்காரர்களின் பெயர், தாடைக்குக் கீழே மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. வண்டியில் இருந்த இருபத்தாறு பேரும் இதைப் போட்டே ஆகவேண்டும் என்று அந்தக் கைடு அடம்பிடித்தார். கொண்டைக்கு மேல் அதை நிறுத்தப் பார்த்தீர்கள், அது நிற்கவில்லை. "ஏனுங்க சம்பந்தி, பானை மேல தேங்காத் தொட்டியக் கவுத்த மாதிரி இருக்குதுங்களா?" என்று கேட்டீர்கள். மங்களூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டு நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இன்றைக்கு அதே தொப்பியைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அதுவும் உங்கள் மேல். செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன்.

என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. டூர் போகும்வரை நாம் என்ன பேசியிருப்போம்? நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா, அங்க மழை உண்டுங்களா. அவ்வளவுதான். நீங்கள் ஆனைமலையில் தென்னந்தோப்பும் நீங்களுமாக இருந்தீர்கள். நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். விசேஷ வீடுகளில் பார்த்துக்கொண்டால், யார் முதலில் உட்காருவது என்பதற்கே கால் மணி நேரம் ஆகும். மாப்பிள்ளையைப் பெற்றவர் நிற்கும்போது பெண்ணைப் பெற்றவள் உட்கார முடியுமா? நான் நின்றால் உங்களுக்கும் உட்கார மனசு வராது. பந்தியில் இலை போட்டவன் வந்து அதட்டினால்தான் இரண்டு பேரும் ஒன்றாக உட்காருவோம். இதையெல்லாம் அப்போது பெருமையாக நினைத்தேன். இந்த மரியாதைதான் உங்களைத் தின்றது என்று இப்போது சொல்கிறேன்.

உங்கள் மகனுக்குத்தான் அந்த யோசனை வந்தது. இரண்டு அம்மாக்களும் கோவையைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை, வீட்டுக்காரர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், சேர்ந்து ஒரு முறை கடல் பார்த்துவிட்டு வரட்டும் என்று அவராகவே பதிவு செய்துவிட்டு வந்து நின்றார். ஆறு நாள். மங்களூர் வரை ரயில், அங்கிருந்து கடலோரமாகவே கோகர்ணம் வரை வண்டி. "உங்களையெல்லாம் ஒண்ணும் கேக்கறதில்லீங்க, துணிமணிய எடுத்து வெய்யுங்க" என்றார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

அந்தக் கரை அழகாகத்தான் இருந்தது. நெல்வயல் முடிகிற இடத்தில் மணல், மணல் முடிகிற இடத்தில் அலை. ஓட்டு வீடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஆறுகள் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. எல்லாரும் கடலைப் பார்த்து வாய் பிளந்தால் நீங்கள் தென்னை மரத்தைப் பார்த்தீர்கள். "இத்தன தண்ணிய வெச்சுக்கிட்டு மரத்த எப்படிப் போட்டிருக்காங்க பாருங்க. ஒரு கூடை எருவு வெச்சா ஆகாதுங்களா?" ஊரான் வீட்டு மரத்துக்கு உரம் வைக்கத் தெரிந்த உங்களுக்கு, உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை.

அந்தக் கைடு ஒரு விசிலை வாயிலேயே வைத்திருந்தார். எங்கே இறங்கினாலும் "அஞ்சே நிமிஷம்ங்க, ஃபோட்டோ எடுத்துட்டு ஏறிக்குங்க" என்பார். கடல் என்ன, சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுமா? இரண்டாம் நாள் காப்பு என்ற ஊரில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மேல் ஒரு கலங்கரை விளக்கம். பாறைப் படியில் பத்துப் படிகூட ஏறவில்லை, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டீர்கள். உதடு வெளுத்திருந்தது. என்னவென்று கேட்டதற்கு, "செருப்புக் கடிக்குதுங்க" என்றீர்கள். உங்கள் காலில் செருப்பே இல்லை. மணலில் நடக்க வேண்டும் என்று கழற்றி என் பையில்தான் போட்டிருந்தீர்கள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அறைக்கு வந்ததும் உங்கள் காலைப் பிடித்துப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அதற்கப்புறம்தான் சொன்னீர்கள். இதயத்தில் வால்வு கெட்டுப்போய்விட்டது, ஆபரேஷன் செய்யவேண்டும், அந்த வாரமே வந்து படுத்துவிடச் சொல்லி டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம்தான் உங்கள் மகன் டூர் டிக்கெட்டோடு வந்து நின்றிருக்கிறார்.

"பையன் அத்தன ஆசையாப் போட்டுட்டு வந்து நிக்கறானுங்க. வரமாட்டேன்னு எப்படிங்க சொல்றது?"

பெற்ற மகனிடமே நீங்கள் மரியாதை பார்த்திருக்கிறீர்கள். இதை எங்கே போய்ச் சொல்ல?

இப்போதே மாப்பிள்ளைக்குப் போன் போடுகிறேன் என்று எழுந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "வேண்டாமுங்க சம்பந்தி. ஊட்டுக்குப் போயி நானே பதமாச் சொல்லிக்கறனுங்க. நீங்க வாயத் தொறக்கக் கூடாது. மாசாணியம்மா மேல சத்தியம் பண்ணிக்குடுங்க." வேறு யாராவது கேட்டிருந்தால் கையை உதறியிருப்பேன். கேட்டது மாப்பிள்ளையைப் பெற்றவர். உங்கள் பேச்சை மீறி நான் ஒரு காரியம் செய்தால் நாளைக்கு என் மகள் தலையில் என்ன வந்து விடியுமோ என்று அந்த நேரத்திலும் கணக்குப் போட்டேன் பாருங்கள், என்னையும்தான் திட்ட வேண்டும். உங்கள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மூன்றாம் நாள் மரவந்தே. ரோட்டுக்கு இடப்பக்கம் கடல், வலப்பக்கம் ஆறு, நடுவில் நம் வண்டி. அந்த டூரில் தினமும் இருக்கை மாறும். அன்றைக்குக் கடல் பக்கத்து முன்சீட் நம்முடைய முறை. முதல் நாளிலிருந்து நீங்கள் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஏறி உட்காரும்போதே பின்னாலிருந்து ஒரு அம்மா வந்து, வீட்டுக்காரர் வீடியோ எடுக்கவேண்டும், சீட்டை விட்டுத்தர முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நீங்கள் எழுந்துவிட்டீர்கள். நாம் பின்னால் போய் ஆற்றுப் பக்கம் உட்கார்ந்து, மற்றவர்கள் தலைகளுக்கு நடுவே துண்டு துண்டாகக் கடலைப் பார்த்தோம்.

அப்புறம் நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள். "ஏனுங்க தம்பி, இங்க ஒரு ரெண்டு நிமிஷம் நிப்பாட்ட முடியுங்களா? காலு நனைச்சுக்கலாம்னுங்க." அந்தக் கைடு கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இது ப்ரோக்ராம்ல இல்லீங்கம்மா. கோகர்ணத்துல நல்லா நனைச்சுக்கலாம்." நீங்கள் "பரவாயில்லீங்க" என்று சிரித்தீர்கள். இத்தனைக்கும் அந்த ஆறு நாளில் டூர்க்காரர்களிடம் நீங்கள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் வண்டி நின்றிருக்கும். பட்டறையில் முதலாளியிடமே சத்தம் போட்டவள் நான். உங்கள் கை என் தொடை மேல் வந்து அழுத்தியது, நான் வாயை மூடிக்கொண்டேன். கோகர்ணத்தில் அலை பெரிதாக இருக்கிறது என்று யாரையும் தண்ணீரில் இறங்க விடவில்லை.

திரும்பி வந்ததும் வாரா வாரம் போன் போட்டேன். சொல்லியாச்சா என்று கேட்டால், இந்த வாரம் தோப்பில் தேங்காய் போடுகிறார்கள் என்றீர்கள். அடுத்த வாரம் பேத்திக்குப் பரீட்சை. அதற்கடுத்த வாரம் மகனுக்கு ஆபீசில் ஏதோ நெருக்கடி. "பதமாப் பாத்துச் சொல்றனுங்க." ஒன்றரை மாதம் கழிந்து, ஒரு நாள் காலையில் தோப்புக்கு மோட்டார் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

உங்களை எடுத்துக்கொண்டு போன பிறகு உங்கள் மகன் என்னிடம் வந்தார். "ஆறு நாள் கூடவே இருந்தீங்களேங்க அத்தை. ஒண்ணுமே தெரியலீங்களா?" நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியலீங்க மாப்பிள்ளை" என்றேன். அதற்கப்புறம் ஒரு வருடம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வாங்க, சாப்பிடுங்க எல்லாம் உண்டு. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. என் மகளும் ஒரு நாள் அடுப்படியில் கேட்டுவிட்டாள், "அவங்க இடத்துல நான் இருந்திருந்தா கவனிச்சிருப்பீங்கல்லம்மா?" என்று. நீங்கள் சொகுசாகப் போய்விட்டீர்கள். இதற்கெல்லாம் முகம் கொடுத்துக்கொண்டு இங்கே நிற்பது நான்.

போன வாரம் உங்களுக்கு முதல் திதி. போகிற வழியில் மாசாணியம்மன் கோயிலில் இறங்கினேன். நியாயம் கேட்டு மிளகாய் அரைக்க வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். காரம் மூக்கில் ஏறியது. நானும் அரைக்கலாம்தான், ஆனால் யார் பேரைச் சொல்லி அம்மனின் நீதிக்கல்லில் அப்புவது? அந்தக் கைடு பேரையா, உங்கள் பேரையா, என் பேரையா? அரைக்கவில்லை. சத்தியத்தை மீறப்போகிறேன், தண்டனை இருந்தால் எனக்கே கொடு, என் மகளைத் தொடாதே என்று மட்டும் அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

சாப்பாடு முடிந்து உங்கள் மகன் பம்ப்செட் ரூம் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். போய் நின்று சொல்லிவிட்டேன். கால் வீங்கியிருந்தது, வால்வு கெட்டது எனக்குத் தெரியும், சத்தியம் வாங்கினீர்கள் என்பது வரை. அவர் எழுந்தார்.

"எங்கம்மாளக் கொன்னுபோட்டீங்களேங்க அத்தை!"

"ஆமாங்க மாப்பிள்ளை" என்றேன். "அவங்களும் நானும் சேர்ந்துதானுங்க செஞ்சோம்."

தோப்பில் வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வெகு நேரம் அழுதார். நான் போகவில்லை, தொடவும் இல்லை, பக்கத்தில் நின்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசியில் அவர் அதைக் கேட்டார்.

"டாக்டரு எப்ப வந்து படுக்கச் சொன்னாருங்களாம்?"

அந்த வாரமே என்ற பதில் என் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. நீங்க டிக்கெட் போட்டுட்டு வந்து நின்ன அதே வாரம்ங்க மாப்பிள்ளை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

"டூரு போயிட்டு வந்து படுத்தாப் போதும்னாருங்களாம்" என்றேன். "அதுக்குள்ள ஒண்ணும் அவசரமில்லீன்னு சொன்னாருங்களாம்."

"அப்படிங்களா" என்றார். அவர் மூச்சு ஒரு நிலைக்கு வந்தது. உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, சம்பந்தியம்மா. தீரவும் தீராது. நீங்கள் சத்தியம் வாங்கி வைத்த பொய்யை ஒரு வருடம் சுமந்து அன்றைக்குத்தான் இறக்கினேன். இறக்கின கையோடு இன்னொன்றை எடுத்துக்கொண்டேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். இனி கண் மூடும்வரை இதை நான்தான் காப்பாற்ற வேண்டும்.