நூற்று நாற்பதும் ஒரு சாணும்

சார்,

தையல் மிஷின் எண்ணெய் வாசனைக்கு ஓர் ஆளை அழவைக்கும் சக்தி உண்டென்று நேற்றுக் காலைவரை எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டு மாடியறையில் அந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். உள்ளே, பனியன் துணியில் சுற்றிய உங்கள் பச்சை பொம்மை ரயில் இன்ஜின். குப்பென்று அந்த எண்ணெய் மூக்கில் ஏறியது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது, வாசனை மட்டும் நேற்றுப் போட்டதுபோல இருந்தது.

உங்கள் மனைவி வீட்டைக் காலி செய்கிறார். மகளோடு இருக்கப் பள்ளிக்கரணை போகிறாராம். "மேல இருக்கிற ரயில வெச்சு நான் என்ன செய்யப்போறேன் அண்ணா? நீங்களே பிரிச்சு எடுத்துக்குங்க" என்று போன் செய்தார். அவர் எனக்கு அக்கா, நான் அவருக்கு அண்ணா. யார் மூத்தவர் என்ற கணக்கு இன்னும் தீரவில்லை. நாமும் அப்படித்தானே? பதினைந்து வருடம் ஒரே மேசையில் தண்டவாளம் போட்டும் நீங்கள் எனக்கு சார், நான் உங்களுக்கு சார்.

உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இரண்டே தெரு. அதைக் கடந்து உங்கள் மாடிப்படி ஏற எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. காரணம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதித் தொலைக்கிறேன்.

நம் சண்டையெல்லாம் ஓர் எண்ணைப் பற்றித்தான். அந்த இன்ஜினுக்குள் நகத்தளவு எலக்ட்ரானிக் சில்லு ஒன்று இருக்கிறது. உச்ச வேகம் இவ்வளவுதான் என்று கண்ட்ரோலரில் ஓர் எண்ணை அதற்குள் எழுதிவிட்டால், குமிழை எவ்வளவு திருகினாலும் வண்டி அதைத் தாண்டாது. இருநூற்று ஐம்பத்தைந்துவரை எழுதலாம். நீங்கள் தொண்ணூறு எழுதினீர்கள். நான் நூற்று நாற்பது கேட்டேன்.

உங்கள் சோதனை எனக்கு மனப்பாடம். அட்டையில் செய்த லெவல் கிராசிங்கின் நடுவே ஒரு தீப்பெட்டியை வைப்பீர்கள். வண்டியை முழு வேகத்தில் விட்டு, சிக்னல் வந்ததும் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புவீர்கள். தொண்ணூறில் தீப்பெட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நூற்று நாற்பதில் விரல்கடை தூரத்தில் நின்றது. "இடிக்கலையே சார்" என்பேன். "வெரல்கடலாம் பத்தாது சார், ஒரு சாண் ஓணும். நிறுத்த முடியாத வேகம் இன்னா வேகம்?" என்பீர்கள். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருபத்தெட்டு வருடம் மின்சார ரயில் ஓட்டியவரிடம், ஏசி மெக்கானிக் நான் என்ன பேசிவிட முடியும்? பிரேக்குக்கும் ஓர் எண் உண்டு, குறைத்தால் வண்டி சட்டென்று நிற்கும்; அதையாவது குறைக்கலாமே என்றேன். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்டி நிறுத்துனா நின்னுகினு வர்ற சனம் குப்புற வுயும் சார்" என்றீர்கள். பெட்டிக்குள் ஈ காக்கை கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஊரெல்லாம் உங்கள் ரயிலைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்தேன் இல்லையா? வண்டி இரண்டு சுற்று வந்தது. நீங்கள் டீ எடுத்துவரக் கீழே இறங்கினீர்கள். "இவ்ளோதானா ஸ்பீடு? ஷேர் ஆட்டோவே தேவல போல" என்றான் அவன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உங்கள் கண்ட்ரோலரை எடுத்தேன். நூற்று நாற்பதுகூட இல்லை சார், ஒரேயடியாக இருநூற்று ஐம்பத்தைந்தை எழுதினேன். ஜன்னலோர வளைவில் இன்ஜின் மேசையைவிட்டுப் பறந்து தரையில் விழுந்தது. முன்பக்கம் உடைந்து, ஒரு சக்கரம் கோணிக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கும் நீங்கள் தட்டோடு படியேறி வந்ததற்கும் சரியாக இருந்தது.

நீங்கள் திட்டவில்லை. "வுடுங்க சார்" என்று மட்டும் சொல்லி, மேசைமேல் போர்வையை இழுத்து மூடினீர்கள். திட்டியிருந்தால் மறுநாளே வந்திருப்பேன். வெட்கத்தில் மூன்று வாரம் உங்கள் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. அவரே கூப்பிடட்டும் என்று ஒரு வீம்பும் இருந்தது. நான்காவது வாரம் வந்தது உங்கள் மகளின் போன். தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்றாள். மாலையோடு வந்தவன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். என்மேல் கோபத்தோடுதான் போனீர்கள் என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன்.

நேற்று அந்த இன்ஜினை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் ஒட்டப்பட்டிருந்தது, மயிரிழைபோல ஒரு பசைக்கோடு. சக்கரம் நேராகியிருந்தது. போர்வையை விலக்கினேன். லெவல் கிராசிங்கின் நடுவே தீப்பெட்டி இருந்தது.

எண் எழுதுவதற்கென்று நீங்கள் ஒதுக்கியிருந்த துண்டுத் தண்டவாளத்தில் இன்ஜினை வைத்து, உச்ச வேக எண்ணைப் படிக்கும்படி கண்ட்ரோலருக்குச் சொன்னேன். பதில் சொல்லும்போது இன்ஜின் லேசாகக் குலுங்குமே, அப்படிக் குலுங்கியது. நான் எழுதிவிட்டுப் போனது இருநூற்று ஐம்பத்தைந்து. நீங்கள் மாற்றியிருந்தால் தொண்ணூறு இருக்க வேண்டும். திரையில் நூற்று நாற்பது வந்தது.

நம்பாமல் மறுபடி படித்தேன். நூற்று நாற்பதேதான். பிறகுதான் பிரேக் எண்ணைப் பார்க்கத் தோன்றியது. எப்போதும் பன்னிரண்டு இருக்கும். இப்போது ஐந்து. சனம் குப்புற விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டீர்களா சார்?

வண்டியைப் பாதையில் வைத்து முழு வேகத்தில் விட்டேன். சிக்னல் வந்ததும் குமிழைத் திருப்பினேன். நின்றது. கையை விரித்து அளந்தேன். தீப்பெட்டிக்கு ஒரு சாண் முன்னால், ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சத்தம் கேட்டு அக்கா பாதிப்படியில் வந்து நின்றார். "அந்த மூணு வாரமும் இங்கயேதான் கெடந்தாரு அண்ணா. அவர சாப்பிடக் கூப்பிட்டே எனக்குத் தொண்டை போச்சு. உங்களக் கூப்பிடலாமேன்னு கேட்டேன். 'இரு, சாருக்கு அவுரு வேகமும் ஓணும், எனக்கு என் சாணும் ஓணும், இன்னும் சரியா வர்ல. வந்துச்சுன்னா நானே போய் இஸ்துகினு வர்றேன்'னாரு. கடைசி நாள் சாயங்காலம் வந்துடுச்சுன்னு சிரிச்சுகிட்டே கீழ எறங்கினாரு. காலைல போய் சாரக் கூப்பிடணும்னாரு."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். துக்கமில்லை அக்கா என்றேன். உண்மையிலேயே இல்லை சார். இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் நகர்ந்துவிட்டது. நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.

இன்ஜினும் தண்டவாளமும் இப்போது என் வீட்டில். எண்களைத் தொடமாட்டேன். தீப்பெட்டி மட்டும் சட்டைப்பையில் இருக்கிறது. சிகரெட் பிடிக்க ஆரம்பித்துவிட்டேனோ என்று வீட்டில் சந்தேகம். இன்று காலை ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினேன். "இன்னும் எடம் கீதே, முன்னால போ சார்" என்று பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

நான் நகரவில்லை.