ஒரு முறை மட்டும் அழைப்பது

அக்டோபர் 6
மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். எங்கள் கோர்னி யாசென் கிராமத்தில் எண்ணுவதற்கு என்ன மிச்சம்? தாத்தா காலத்தில் அறுநூறு பேர். பாதி ஆண்களைப் போர் தின்றது. மற்றவர்களை நகரத்துத் தொழிற்சாலை இழுத்தது, அப்புறம் ஆஸ்திரியா. இப்போது புகைபோக்கியில் புகை வரும் வீடுகள் ஒன்பதுதான்.

"வீட்டுல எத்தன பேரும்மா?"

"ரெண்டு. நானும் என் தம்பி ஒப்ராதும். குடும்பத் தலைவன் அவன்தான்."

"அவரு எங்க?"

"ஆஸ்திரியாவுல, லின்ஸ்ல. பதினோரு வருஷமா."

"அப்ப அவரு கணக்குல வர மாட்டாரு."

ஒன்று என்று எழுதிக்கொண்டாள். கோபத்தில் ஒரு காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 7
ஒன்றாம்! கதவுக்குப் பின்னால் அவன் வீட்டுச் செருப்பு கிடக்கிறதே, அது யாருடையதாம்?

நவம்பர் 20
பக்கத்து வீட்டு ரதோயே பிளம் சாராயத்தோடு வந்தார்.

"இந்த ஸ்லாவாவுக்காவது ஒப்ராதைக் கூப்பிடு."

"ஸ்லாவாவுக்கு யாராவது ஆள் கூப்பிடுவாங்களா? குடிச்சுட்டு உளறாதீங்க."

ஸ்லாவா என்பது எங்கள் வீட்டுப் புனிதர் நிக்கோலாவின் நாள்; அதற்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் தாங்களாக வருவார்கள். புது விருந்தாளியை மட்டும் முதல் தடவை அழைப்போம். அதோடு சரி. பிறந்த வீட்டுக்கு வரத் தம்பிக்கு அழைப்பா?

"அவன்தான் அங்க தனியா ஸ்லாவா மெழுகுவத்தி ஏத்திட்டானே. தனி வீடு ஆயிட்டா விருந்தாளிதானே! 'அக்கா ஒரு தடவ கூப்பிடல, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது'ன்னு எங்கிட்ட போன்ல அழுவுறான். நீயானா முறுக்கிக்கிட்டு இருக்க."

இத்தனை வருஷமும் அவனும் காத்துக்கொண்டா இருந்தான்?

நவம்பர் 21
கூப்பிட்டால், அவன் இந்த வீட்டு ஆள் இல்லை என்று நானே சொன்னதாகிவிடும். கூப்பிடாவிட்டால் வரமாட்டான். வருஷாவருஷம் அவனுக்குத் தட்டு வைத்து வைத்து எடுத்தது போதாதா? எப்புடிடா என் வாயால சொல்லுவேன்?

டிசம்பர் 4
போன் செய்தேன். பனியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். கோழை.

டிசம்பர் 11
மறுபடி போன் செய்தேன். "நிக்கோலா நாளுக்கு வாடா."

"கூப்பிடுறியாக்கா?"

"கூப்பிடுறேன்."

மூக்கை உறிஞ்சினான். "அன்னிக்கு லீவு கிடைக்காதுன்னு நான் இங்க எப்பவும் முந்தின ஞாயித்துக்கிழமையே கும்பிட்டுருவேன். இந்தத் தடவ லீவு போட்டுட்டு அப்படியே வண்டிய எடுத்துர்றேன்."

டிசம்பர் 19
நிக்கோலா நாள். மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம். இந்தக் கதவை அவன் தட்டி நான் கேட்டதே இல்லை. திறந்தேன். தலை நரைத்துவிட்டது. கையில் ஒயினும் ஆரஞ்சுமாகப் படியிலேயே நின்றான்.

"ஸ்லாவா நல்லபடியா நடக்கட்டும், வீட்டுக்காரம்மா."

விருந்தாளி சொல்வது. அக்கா என்று வரவில்லை. "உள்ள வாங்க" என்றேன், வீட்டுக்காரி சொல்வதுபோல. விருந்தாளிக்கு முதலில் தரும் அவித்த கோதுமையை நீட்டினேன். சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுத்தான். அவனுடைய பழைய வீட்டுச் செருப்பை எடுத்துப் போட்டேன். ஸ்லாவா ரொட்டியை இரண்டு பேருமாகப் பிடித்துச் சுற்றி, ஒயின் ஊற்றி, உடைத்தோம். அப்போதுதான் காதோரம் "அக்கா" என்றான். அழைக்காமலே வந்திருந்த ரதோயே மீனை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உப்பு குறைவு என்றார்.

புதன்கிழமை கிளம்புகிறான். அந்தக் கணக்கெடுப்புப் பெண் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். இந்த வீட்டில் ஒரு ஆள்தான். ஆனால் அடுத்த வருஷம் அவனை அழைக்க வேண்டியதில்லை. ஒரு முறை அழைத்தாயிற்று.