கொடிக்கயிற்றைக் கொடுத்த காரணம்

சேசு மரி சூசை துணை

தாபோடி, புனே
ஆகஸ்ட் 16

அன்பு மகன் அலோசியஸுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே மூவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான். மழை விட்டால் சரியாகும் என்று தனக்குத் தானே வைத்தியம் சொல்லிக்கொள்கிறாள். டப்ளினில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். போனில் பேசினால் நாம் இருவரும் கத்திக்கொள்கிறோம், அதனால்தான் கடிதம்.

உன் தங்கை செசிலி வேலையை விட்ட கதையை உன் நண்பன் கௌஷிக் சொல்லித்தான் கேட்டிருப்பாய். நீ சிபாரிசு செய்த வேலை, உன் நண்பனே அவளுக்கு மேனேஜர். உனக்குக் கோபம் வந்தது நியாயம்தான். ஆனால் நடந்ததைக் கேள். தளேகாவ் தொழிற்சாலையில் பிரேக் பாகங்கள் ஒரு லாட், சோதனை செய்யாமலே லாரி ஏறக் காத்திருந்தது. சோதித்ததாகச் சான்றிதழில் செசிலியிடம் கையெழுத்துக் கேட்டான் கௌஷிக். மனசாட்சி இடம் கொடுக்காது என்றாளாம். இது செக்யுலர் கம்பெனி, பைபிளைக் கோயிலோடு வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறான். “பைபிள வீட்டுலதான் சார் வச்சிருக்கேன். மனசாட்சிய எங்க சார் வச்சிட்டு வர?” என்று கேட்டாளாம். அப்படியே உன் அம்மா வாய்!

பிறகு அதே தாளைப் பக்கத்து மேஜை வைஜயந்தியிடம் நீட்டியிருக்கிறான். மாதந்தவறாமல் சதுர்த்தி விரதம் இருக்கிற பெண் அவள். “நான் சர்ச்சுக்குப் போறவ இல்லீங்க சார். ஆனா அந்த பிரேக்க நம்பி எங்கண்ணனும் வண்டி ஓட்டறான்” என்று சொல்லி அவளும் பேனாவை எடுக்கவில்லை. லாட் நின்றது. வைஜயந்தியை ஹடப்சர் ஆபீசுக்கு மாற்றினார்கள், செசிலி ராஜினாமா கொடுத்தாள். மதச்சார்பின்மை என்றால் இந்த இரண்டு பெண்களும் அவரவர் சாமியோடு பக்கத்தில் பக்கத்தில் நிமிர்ந்து உட்காருவது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாமியை வெளியே நிறுத்திவிட்டுப் பொய்யை உள்ளே கூப்பிடுவதற்கு அந்தப் பெயர் வேண்டாம்.

நேற்று மாதா விண்ணேற்புத் திருநாள். பூசை முடிந்ததும் வழக்கம்போல் கோயில் முற்றத்தில் சுதந்திரக் கொடி. பங்குச்சாமியார் இந்த வருடம் என்னை ஏற்றச் சொல்லியிருந்தார். முப்பத்தொரு வருடம் காத்திருந்த மரியாதை! சட்டைக்குக் கஞ்சி போட்டு, முதல் நாளே போய்ப் பூவை வைத்துக் கொடியை நானே முடிந்துவிட்டு வந்தேன். ஆனால் கூப்பிட்டதும் கயிற்றைச் செசிலி கையில் கொடுத்துவிட்டேன். என் முடிச்சு லேசில் அவிழவில்லை, மூன்று தரம் இழுத்தாள். பூவெல்லாம் உபதேசியார் தலையில் கொட்டியது. சனம் சிரித்தது, கை தட்டியது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மகள் பாசம் என்று எல்லாரும் நினைத்தார்கள். உனக்கு மட்டும் சொல்கிறேன். நீ பள்ளியில் சேர்ந்த வருடம், நான் வேலை பார்த்த பட்டறையில், வண்டி தூக்கும் ஜாக்கி ஒன்றைச் சோதிக்காமலே சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடும் என்று பயம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பும் வாங்கினேன், ஆனாலும் வீட்டில் ஒருவரிடமும் சொன்னதில்லை. கோயில்தான் தங்கைக்குக் கால்விலங்கு, நான் இங்கே சுதந்திரமாக இருக்கிறேன் என்று போனில் சொன்னாயே. அன்றைக்கு என்னையும் ஒருவரும் கட்டிப்போடவில்லை, அலோசியஸ். ஆனால் மாட்டேன் என்று சொல்ல எனக்குச் சுதந்திரம் இல்லை. அது என் மகளுக்கு இருக்கிறது.

வேலையை விட்டபோது அழாதவள், மூன்று வாரமாக அண்ணன் பேசவில்லை என்று நேற்றுச் சாப்பாட்டில் அழுதாள். அவளுக்குப் போன் செய், ராசா. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று கூச்சமாக இருந்தால், அப்பா ஒரு தரம் கையெழுத்துப் போட்டவர் என்று சொல். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

அப்பா,
சூ. ஞானப்பிரகாசம்